பொன்னிறக் காடைகளைப் பொன்னிறத்தோடு சேர்த்தால் பழுப்புக் குஞ்சுகள் வருவது ஏன்?

2023 நவம்பர் 4 – அல்சூரிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

பெங்களூரில் ஒரு வளர்ப்பாளரிடம் பொன்னிற ஜப்பானியக் காடைகள் வாங்கினேன். தூய ரகம் என்று சொல்லித்தான் கொடுத்தார். இரண்டு தலைமுறையாகப் பொன்னிறத்தைப் பொன்னிறத்தோடு மட்டுமே சேர்த்து வருகிறேன். அப்படியும் ஒவ்வொரு பொரிப்பிலும் சாதாரணப் பழுப்புக் குஞ்சுகள் வருகின்றன. பொரிக்காமல் போகும் முட்டைகளும் மிகுதி. பழுப்பானவற்றைக் கழித்துக்கொண்டே வந்தால் எத்தனை தலைமுறையில் ரகம் தூய்மையாகும்?

2023 நவம்பர் 5

உங்களிடம் இருப்பது ஆய்வுநூல்களில் 'மஞ்சள்' என்று குறிக்கப்படும் மரபணு மாற்றமாக இருந்தால், எத்தனை தலைமுறை கழித்தாலும் தூய்மையாகாது. பழுப்புக் குஞ்சு வருவதற்கும் முட்டைகள் பொரிக்காமல் போவதற்கும் காரணம் ஒன்றே என்பதால் இரண்டையும் சேர்த்தே விளக்குகிறேன்.

ஒவ்வொரு காடையும் இந்த மரபணுவின் ஒரு படியைத் தகப்பனிடமிருந்தும் மற்றொன்றைத் தாயிடமிருந்தும் பெறுகிறது. ஒரு படி மஞ்சளாகவும் மற்றது இயல்பாகவும் இருந்தால் பறவை பொன்னிறமாகத் தெரியும். இரண்டும் இயல்பானவை என்றால் காட்டுக்காடையின் பழுப்பு நிறம் வரும். இரண்டும் மஞ்சள் என்றால் கரு முட்டைக்குள்ளேயே, வளர்ச்சியின் தொடக்கக் கட்டத்திலேயே இறந்துவிடும். ஆகவே உயிரோடு நடமாடும் ஒவ்வொரு மஞ்சள் காடையும் ஓர் இயல்பான படியைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டு பொன்னிறங்களைச் சேர்க்கும்போது கருவுற்ற முட்டைகளில் சராசரியாகக் கால்பங்கு இறக்கும், கால்பங்கு பழுப்பாகும், எஞ்சிய பாதி பொன்னிறமாகும். கூண்டில் நம் கண்ணுக்குத் தெரிவது இரண்டு பொன்னிறத்துக்கு ஒரு பழுப்பு என்ற விகிதம் மட்டுமே.

விற்றவர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. கோழி, புறா வளர்ப்பவர்கள் நிறத்தைப் பார்த்தே ரகத்தை மதிப்பிடும் வழக்கம் உள்ளவர்கள். அந்த வழக்கத்தில் அவர் சொல்லியிருக்கலாம். இந்த நிறத்துக்கு அந்த வழக்கம் பொருந்தாது.

2023 நவம்பர் 5, இரவு

ஒன்று விடுபட்டது. இந்த மரபணுவைப் பொறுத்தவரை உங்கள் கூண்டில் இரண்டு படிகளும் ஒன்றேயாக இருப்பவை நீங்கள் கழிக்க நினைக்கும் அந்தப் பழுப்புக் குஞ்சுகள்தாம். தயவுசெய்து அவற்றைக் கழிக்காதீர்கள். பொன்னிறச் சேவலைப் பழுப்புப் பெட்டைகளோடு சேர்த்தால் குஞ்சுகளில் பாதி பொன்னிறமாக வரும்; இந்தக் காரணத்தால் ஒரு முட்டைகூட வீணாகாது. பொன்னிறத்தைப் பொன்னிறத்தோடு சேர்த்தாலும் நூறு கருவுற்ற முட்டைக்கு ஐம்பது பொன்னிறம்தான். பழுப்போடு சேர்த்தாலும் அதே ஐம்பதுதான். முதல் வழியில் இருபத்தைந்து கருக்கள் இறக்கின்றன, இரண்டாம் வழியில் அந்த இழப்பு இல்லை. இவ்வளவு தெளிவான கணக்கு கண்ணெதிரே இருக்கும்போது முதல் வழியைத் தொடர்வதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

2023 நவம்பர் 11

ஒரு நிறம் எப்படி உயிரைப் பறிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறம் பறிப்பதில்லை, நிறத்தோடு சேர்ந்து அழிந்துபோன வேறொன்று பறிக்கிறது.

இறகில் இரண்டு வகை மெலனின் படிகிறது. ஒன்று கறுப்பும் கரும்பழுப்பும் தருவது. மற்றொன்று மஞ்சளும் செம்மஞ்சளும் தருவது. நிறச் செல்லின் மேற்பரப்பிலுள்ள எம்சி1ஆர் என்னும் ஏற்பி தூண்டப்பட்டால் கறுப்பு உருவாகும். அகூட்டி எனப்படும் ஏஎஸ்ஐபி புரதம் அந்த ஏற்பியை அடக்கினால் மஞ்சள் உருவாகும். காட்டுக்காடையின் இறகில் கறுப்பும் வெளிர்மஞ்சளும் பட்டைபட்டையாக மாறிமாறி வருவதில் இந்த அடக்குதலுக்குப் பெரும் பங்கு உண்டு.

மஞ்சள் காடையில் ஏஎஸ்ஐபி மரபணுவுக்கு முன்னால் 90,000 எழுத்துகளுக்கும் மேற்பட்ட டிஎன்ஏ துண்டு ஒன்று காணாமற் போயிருக்கிறது என்று 2008இல் கண்டறியப்பட்டது. அந்தத் துண்டு போனதால் ஏஎஸ்ஐபி தன் சொந்தக் கட்டுப்பாட்டை இழந்து, பக்கத்திலுள்ள ராலி என்னும் மரபணுவின் கட்டுப்பாட்டில் இயங்குகிறது. அடுத்த வீட்டு இணைப்பில் இரவும் பகலும் அணையாமல் எரியும் விளக்கைப் போல. மஞ்சள் நிறமி மிகுவதற்கு அதுவே காரணம். ஆனால் காணாமற்போன துண்டுக்குள் கருவின் வளர்ச்சிக்கு வேண்டிய பகுதிகளும் இருந்தன. ஒரு நல்ல படி இருக்கும்வரை அது ஈடுகொடுக்கிறது. இரண்டும் இல்லையெனில் கரு நிலைப்பதில்லை.

மஞ்சள் சுண்டெலிகளிலும் ஏறத்தாழ இதேதான் நடக்கிறது. பிரெஞ்சு உயிரியலாளர் லூசியன் கேனோ 1905இலேயே, மஞ்சள் சுண்டெலிகளை ஒன்றோடொன்று எவ்வளவு சேர்த்தாலும் தூய மஞ்சள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று பதிவுசெய்தார். ஒரு மரபணு மாற்றம் இரட்டையாக வந்தால் உயிர் தங்காது என்னும் கருத்து அந்தச் சுண்டெலிகளிலிருந்தே வளர்ந்தது. சுண்டெலியிலும் காடையிலும் தனித்தனியாக நேர்ந்த இரண்டு விபத்துகள் ஒரே மரபணுக்களின் அருகில் ஒரே வகையில் நேர்ந்திருப்பது, எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறையாத செய்தி.

2023 நவம்பர் 19

ஓசூரில் பண்ணை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என் முதல் குறிப்பை மறுத்து எழுதியிருக்கிறார். அவருடைய ஒரு பொன்னிறச் சேவல், எந்தப் பழுப்புப் பெட்டையோடு சேர்த்தாலும் பொன்னிறக் குஞ்சுகளை மட்டுமே தருகிறதாம். பழுப்பு இதுவரை ஒன்றுகூட வரவில்லை என்கிறார்.

இது மதிக்க வேண்டிய மறுப்பு. என் பதிலின் தொடக்கத்தில் 'மஞ்சள் மாற்றமாக இருந்தால்' என்று வைத்த நிபந்தனையை இப்போது விரித்துச் சொல்ல வேண்டும். ஏஎஸ்ஐபி மரபணுவின் அருகிலேயே வேறோர் அமைப்பு மாற்றமும் ஜப்பானியக் காடையில் உள்ளது. 2019இல் அது விவரிக்கப்பட்டது. அதுவும் நிறத்தை வெளிறச் செய்வது. ஆனால் இரட்டையாக வந்தாலும் பறவை வாழும். ஓசூர் நண்பரின் சேவல் இரண்டு படிகளும் ஒன்றான பறவையாக இருக்க வேண்டும். எனவே அது உயிர்கொல்லும் மஞ்சளாக இருக்க முடியாது. சந்தையில் இவை எல்லாவற்றையும் பொன்னிறம், கோல்டன், இத்தாலியன் என்று கலந்தே விற்கிறார்கள். கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல நான் துணியமாட்டேன். சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

2023 நவம்பர் 26

சேர்த்துப் பார்ப்பது என்றால் எப்படி என்று பலர் கேட்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

பொன்னிறத்தைப் பொன்னிறத்தோடு சேர்த்து விகிதத்தை எண்ணுவது மோசமான சோதனை. உயிர்கொல்லும் வகை என்றால் இரண்டுக்கு ஒன்று. கொல்லாத வகையில் இரு பெற்றோரும் கலப்பு, அதாவது ஒரு படி மாறியதும் மற்றது இயல்பானதும் என்றால் மூன்றுக்கு ஒன்று. அறுபது குஞ்சுகளில் முன்னது நாற்பதும் இருபதும், பின்னது நாற்பத்தைந்தும் பதினைந்தும். இந்த வேறுபாடு தற்செயலாகவே வந்துபோகும் அளவினது. வீட்டில் வளர்ப்பவர் இதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. முட்டையை டார்ச் ஒளியில் பார்த்துக் கருச்சாவை எண்ணலாம் என்பாரும் உண்டு. காடை முட்டையின் புள்ளிகள் பார்வையை மறைக்கும். மிகத் தொடக்கத்தில் இறந்த கருவையும் கருவுறாத முட்டையையும் உடைத்துப் பார்த்தாலும் பிரித்தறிவது கடினம்.

நல்ல சோதனை வேறு. உங்கள் பொன்னிறப் பறவை ஒவ்வொன்றையும் தனித்தனியே பழுப்போடு சேருங்கள். ஒரு பழுப்புக் குஞ்சு வந்தாலே போதும், அந்தப் பறவை கலப்புதான் என்பது உறுதி. ஏழு குஞ்சுகள் தொடர்ந்து பொன்னிறமாகவே வந்தால், அது கலப்பாக இருந்தும் தற்செயலால் அப்படி நேர்ந்திருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. கொல்லாத வகை என்றால், பொன்னிறப் பெற்றோருக்குப் பிறந்த பொன்னிறங்களில் குறைந்தது மூன்றில் ஒன்று தூயதாக இருக்க வேண்டும். ஆகையால் அப்படிப் பிறந்த பத்துப் பறவைகளைச் சோதித்து பத்தும் பழுப்புக் குஞ்சு தந்தால், உங்களிடம் இருப்பது உயிர்கொல்லும் மஞ்சளே என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்; கொல்லாத வகையில் அப்படி நேரும் வாய்ப்பு நூற்றில் இரண்டுக்கும் குறைவு.

காடை சுமார் ஆறு வாரத்தில் முட்டைக்கு வருகிறது; முட்டை பதினேழு, பதினெட்டு நாளில் பொரிக்கிறது. மாட்டிலோ ஆட்டிலோ ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெறும் விடையை இங்கே ஒரு பருவத்துக்குள் பெற்றுவிடலாம். அந்த வசதி இருக்கும்போது ஊகத்தில் வளர்ப்பது வருத்தம் தருகிறது.

2023 டிசம்பர் 3

சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் வாங்கிய வெள்ளைச் சேவலையும், நாமக்கல்லிலிருந்து உறவினர் கொண்டுவந்த வெள்ளைப் பெட்டையையும் சேர்த்தேன், குஞ்சுகள் எல்லாம் பழுப்பு, ஏமாற்றப்பட்டேனா என்று ஒருவர் கேட்கிறார். யாரும் ஏமாற்றவில்லை. இரண்டு வெள்ளைகளும் வெவ்வேறு மரபணுக்களால் வெள்ளையாக இருக்கின்றன. சேவலில் பழுதான மரபணுவுக்குப் பெட்டை நல்ல படி ஒன்றைத் தருகிறது, பெட்டையில் பழுதானதற்குச் சேவல் தருகிறது. குஞ்சு இரண்டிலும் நல்ல படி பெற்றுப் பழுப்பாகிறது.

காடையில் வெள்ளைக்குப் பல வழிகள் உள்ளன. முதலில் கண்ணைப் பாருங்கள். கண் கறுப்பாக இருந்தால், நிறச் செல்கள் தோலுக்குப் போய்ச் சேராததால் வந்த வெள்ளையாக இருக்கலாம். பாண்டா எனப்படும் வெள்ளையும் பழுப்புத் திட்டுகளும் கலந்த காடையில் மாறியிருப்பது அத்தகைய இடப்பெயர்ச்சிக்கு உதவும் இடிஎன்ஆர்பி2 மரபணு. கண் சிவப்பாக இருந்தால் அது அல்பினோ வகை. எஸ்எல்சி45ஏ2 மரபணுவின் மாற்றம், பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோமாகிய இசட் மேல் அமர்ந்திருப்பது. அந்தப் பறவைகளுக்குப் பார்வை குறைவு என்பதால் தீவனத்தையும் தண்ணீரையும் எப்போதும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாவது வகை பற்றி எச்சரிக்கை செய்வது கடமை. வெள்ளிநிறக் காடை எம்ஐடிஎஃப் மரபணுவின் ஒரு மாறிய படியால் வருவது. வெள்ளியை வெள்ளியோடு சேர்த்தால் கால்பங்கு குஞ்சுகள் ஏறத்தாழ வெள்ளையாக வரும். அவற்றில் எலும்புக் கோளாறும் குறைந்த உடல் எடையும் பதிவாகியுள்ளன. வெள்ளியையும் பழுப்போடுதான் சேர்க்க வேண்டும்.

வெள்ளை இறகே பழுது என்று இதிலிருந்து யாரும் எண்ணிவிட வேண்டாம். உத்தரப் பிரதேசத்தின் இசத்நகரில் உள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'காரி ஸ்வேதா' வெள்ளை இறகு கொண்ட காடைதான். நாட்டுக்குள் ஜப்பானியக் காடை 1974இல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்து சேர்ந்ததும் இசத்நகருக்குத்தான்.

2023 டிசம்பர் 4

மேலே சொன்னதற்கு ஒரு சேர்க்கை. சேவல் சிவப்புக் கண் வெள்ளையாகவும் பெட்டை கறுப்புக் கண் வெள்ளையாகவும் இருந்திருந்தால் பெண் குஞ்சுகள் எல்லாம் சிவப்புக் கண் வெள்ளையாக வந்திருக்கும். எல்லாம் பழுப்பு என்பதால் அவருடைய சேவல் கறுப்புக் கண் உடையதாகத்தான் இருக்க வேண்டும். பார்த்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறேன்.

2023 டிசம்பர் 6

கறுப்புக் கண்தான் என்று எழுதியிருக்கிறார்.

2023 டிசம்பர் 17

பெங்களூர்க் குளிரில் முட்டை நின்றுவிட்டது, சோதனை எப்படி நடத்துவது என்கிறார் அல்சூர் நண்பர். குளிரைவிடப் பகல் குறுகுவதே முக்கியக் காரணம். இந்த மாதத்தில் நமக்குப் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. காடைப் பெட்டை நன்றாக முட்டையிடப் பதினான்கு முதல் பதினாறு மணி நேர வெளிச்சம் வேண்டும். அதிகாலையில் ஒரு சிறிய எல்இடி விளக்கை டைமரில் போட்டுவிடுங்கள். பொரித்த குஞ்சுகளுக்கு முதல் வாரம் புரூடரில் 35 டிகிரி அளவில் வெப்பம் தேவை; மின்சாரம் போனால் காக்ஸ் டவுன் இரவுகளில் அரை மணியில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிபடும் என்பதை என் மொட்டைமாடியில் பார்த்திருக்கிறேன். அப்படி இறந்தவற்றையும் மரபணுக் கணக்கில் சேர்த்துவிடாமல், பொரித்த அன்றே நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சேவலை மாற்றும்போது பொறுமை வேண்டும். பெட்டை முந்தைய சேவலின் விந்தணுவை உடலுக்குள் சேமித்து ஒரு வாரம், பத்து நாள்வரை கருவுற்ற முட்டை இடும். இரண்டு வாரம் தனியே வைத்த பின்னரே புதிய சேவலோடு விடுங்கள். இல்லையென்றால் உங்கள் குறிப்பேட்டில் தகப்பன் பெயரே தவறாகிவிடும்.

பல பெட்டைகள் ஒரே கூண்டில் இருந்தால் எந்த முட்டை யாருடையது என்னும் குழப்பத்துக்குக் காடையிடமே விடை இருக்கிறது. ஒவ்வொரு பெட்டையும் தன் முட்டைக்குத் தனக்கே உரிய அடிநிறத்தையும் புள்ளி அமைப்பையும் தருகிறது. சில நாள் தனித்தனியே வைத்து ஒவ்வொன்றின் முட்டையையும் படமெடுத்துக்கொண்டால், பிறகு கூட்டத்திலும் பெரும்பாலும் பிரித்துவிடலாம். பொரிப்புக்கு முந்தைய மூன்று நாட்களில் முட்டைகளைத் தாய்வாரியாக நைலான் வலைப்பைகளில் இட்டுவிட்டால் குஞ்சுகள் கலந்துபோகா. என் மகள் இந்த முட்டைப் படங்களைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாள். முட்டையைக் கையில் எடுத்ததும் பெட்டையின் வளைய எண்ணை என்னைவிட வேகமாகச் சொல்கிறாள்.

2024 ஜனவரி 7

நிற மரபியலால் சம்பாதிக்க முடியுமா என்ற கேள்விக்கு, முடியும் என்பதே என் பதில். ஆனால் அது அரிய நிறத்தை அதிக விலைக்கு விற்பதால் அல்ல. குஞ்சு பிறந்த அன்றே ஆண், பெண் பிரிக்கலாம் என்பதே பெரிய லாபம்.

பறவைகளில் சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும். பெண் குஞ்சு தன் ஒரே இசட்டைத் தகப்பனிடமிருந்து மட்டுமே பெறுகிறது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 'ரூ' என்று பெயரிட்ட செம்பழுப்பு நிறம் இசட் மேலுள்ள டிஒய்ஆர்பி1 மரபணுவின் ஒடுங்கு மாற்றம், அதாவது இயல்பான படி ஒன்று கூட இருந்தால் வெளியே தெரியாதது. செம்பழுப்புச் சேவலைச் சாதாரணப் பழுப்புப் பெட்டையோடு சேர்த்தால் பெண் குஞ்சுகள் எல்லாம் செம்பழுப்பு, ஆண் குஞ்சுகள் எல்லாம் சாதாரணம். பொரிப்பானைத் திறந்தவுடன் இரண்டு தட்டுகளாகப் பிரித்துவிடலாம். முட்டைக்கு வளர்ப்பவர் சேவல்களுக்குப் போடும் தீவனம் மிச்சம்.

திசை மாறினால் வித்தை பலிக்காது. செம்பழுப்புப் பெட்டையைச் சாதாரணச் சேவலோடு சேர்த்தால் எல்லாக் குஞ்சுகளும் சாதாரணமாகவே இருக்கும். மகன்கள் மட்டும் அந்த மரபணுவை மறைவாகச் சுமப்பார்கள். அந்த மகன்களைச் செம்பழுப்புப் பெட்டைகளோடு சேர்த்தால் மகன்களில் பாதி செம்பழுப்பாக வரும். அவைதாம் உங்கள் அடுத்த தலைமுறைச் சேவல்கள்.

பிரிக்கும் தேவை என்ன, மூன்று வாரத்தில் மார்பைப் பார்த்தாலே தெரியுமே என்று ஒருவர் கேட்டார். சாதாரணப் பழுப்பில் தெரியும்: சேவலின் மார்பு செம்பழுப்பாகவும் பெட்டையின் மார்பு புள்ளியோடும் இருக்கும். எம்சி1ஆர் மாற்றத்தால் கருமையான காடைகளிலும் முழு வெள்ளைகளிலும் அந்த அடையாளம் இல்லை. அவை பருவமடைந்து, சேவலின் பின்புறச் சுரப்பியை அழுத்தினால் வெண்ணுரை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

2024 ஜனவரி 21

நவம்பரில் எழுதியவற்றைத் திரும்பப் படித்தபோது, நிறத்துக்கே அதிக இடம் கொடுத்துவிட்டதாகத் தோன்றியது. காடை, நெருங்கிய உறவுச் சேர்க்கையைக் கோழி அளவுக்குத் தாங்காத பறவை. உடன்பிறப்புகளைத் தொடர்ந்து சேர்த்தால் கருவுறுதல், பொரிப்பு, குஞ்சின் பிழைப்பு என எல்லாமே சில தலைமுறைகளிலேயே சரிந்துவிடும். அரிய நிறம் ஒன்று கிடைத்ததும் அதன் அண்ணன் தங்கையையே சேர்த்துப் பெருக்குவது நம் நகரத்தில் சாதாரணமாக நடக்கிறது. பொரிப்பு குறைந்தால் இன்குபேட்டரைக் குறைசொல்கிறார்கள்.

ஆகவே அல்சூர் நண்பருக்கு இன்னொரு வேண்டுகோள். பொன்னிறச் சேவலுக்கு நான் பரிந்துரைத்த பழுப்புப் பெட்டைகள் அவருடைய கூண்டிலேயே பிறந்த தங்கைகளாக இருக்க வேண்டாம். தொடர்பில்லாத பண்ணையிலிருந்து, நல்ல எடையும் முட்டையும் உள்ள தாய்வழியிலிருந்து வாங்குங்கள். வீட்டில் பிறந்த பழுப்புகளை வேறொரு நண்பரின் பொன்னிறத்துக்குக் கொடுங்கள்.

2024 பிப்ரவரி 25

அல்சூர் நண்பர் குறிப்பேட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். தொடர்பில்லாத பழுப்புப் பெட்டைகளோடு சேர்த்த பிறகு, குஞ்சுகளில் பொன்னிறமும் பழுப்பும் ஏறத்தாழச் சமமாக வந்துள்ளன. பொரிக்காத முட்டைகள் கண்கூடாகக் குறைந்திருக்கின்றன. சோதித்த பொன்னிறங்களில் ஒன்றுகூடத் தூயதாக இல்லை. எண்ணிக்கை இன்னும் பத்தைத் தொடவில்லை. அதனால் உயிர்கொல்லும் மஞ்சள்தான் என்று முத்திரை குத்த அவசரப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். பொரிப்பு கூடியதில் மரபணுவின் பங்கு எவ்வளவு, புதிய இரத்தம் சேர்ந்ததன் பங்கு எவ்வளவு என்பதையும் இந்தப் பக்கத்திலிருந்து பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டுமானால் அதே புதிய பெட்டைகளுக்குப் பழுப்புச் சேவல் ஒன்றைச் சேர்த்து அந்தப் பொரிப்பையும் பக்கத்தில் எழுத வேண்டும். மார்ச்சில் செய்வதாகச் சொல்கிறார். சேவலை எடுத்த தேதியையும் புதியதை விட்ட தேதியையும் மறக்காமல் குறிக்கட்டும்.